நாய்க்குட்டிக் கூண்டும் அந்தத் தட்டும்

அலுவலகத்தில் கூட வேலை பார்க்கும் தம்பி ஒருவன் நாட்டு நாய்க்குட்டி ஒன்றை எடுத்து வந்திருக்கிறான். "அக்கா, கிரேட், அதான் நாய்க்கூண்டு, வாங்கலாமா வேணாமா? ஒரே வார்த்தைல சொல்லுங்க" என்றான். அவன் கேட்ட நேரம் அப்படி. அன்று காலையில்தான் எங்கள் வீட்டுக் கூண்டின் கதவை வெல்டிங் பட்டறையில் கொடுத்துவிட்டு ஆபீஸுக்கு வந்திருந்தேன். "வாங்காதே" என்று சொல்லிவிட்டேன். பாவம், முகம் சுருங்கிவிட்டது. அவனுக்காகவும், இதே கேள்வியோடு சுற்றுகிற மற்றவர்களுக்காகவும் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

எங்களுடையது எல்லோருக்கும் தெரிந்த அந்த மடக்குக் கூண்டுதான். கறுப்புக் கம்பி, 36 அங்குலம், முன்னால் ஒரு கதவு, பக்கவாட்டில் ஒரு கதவு, உள்ளே இடத்தைக் குறுக்க ஒரு தடுப்பு, அடியில் இழுத்து எடுக்கிற தகரத் தட்டு. மூவாயிரத்துச் சொச்சம் கொடுத்து வாங்கினோம். பிராண்ட் பெயர் சொல்லப் போவதில்லை, சொல்லியும் பயனில்லை. ஒரே கூண்டு நாலைந்து பெயரில் விற்பனைக்கு வருகிறது. பெட்டியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர்தான் வேறு.

நாயின் பெயர் ஜிம்மி. அம்மா பிறந்த வீட்டில் தொடங்கி இன்றுவரை எங்கள் குடும்பம் வளர்த்த எல்லா நாய்க்கும் அதுதான் பெயர் என்பதால் அந்த விஷயத்தில் எனக்கு வேலை இருக்கவில்லை. வந்தபோது எட்டு வாரக் குட்டி. நாங்கள் இருப்பது சென்னையில், மூன்றாவது மாடி ஃப்ளாட்டில்.

முதலில் நியாயமாகப் பேசிவிடுகிறேன், அப்புறம் கோபப்படுகிறேன்.

வீட்டுக்குள் ஒன்னுக்கு, ரெண்டுக்குப் போகாமல் இருக்கக் கூண்டை வைத்துக் குட்டியைப் பழக்குவதுதான் கூண்டுப் பயிற்சி. அது பலிக்கிறது. பிறந்த முதல் மூன்று வாரம் தாய் நக்கிவிட்டால்தான் குட்டிக்கு ஒன்னுக்கு, ரெண்டுக்கு வரும். சுத்தம் செய்வதும் தாய்தான். கால் ஊன்றி நடக்க ஆரம்பித்த பிறகு குட்டி, படுத்த இடத்தை விட்டுத் தள்ளிப்போய் இருக்கத் தொடங்கும். கூண்டுப் பயிற்சி முழுக்க இந்த ஒரு குணத்தை நம்பித்தான் நடக்கிறது. படுக்க, எழுந்து நிற்க, ஒரு சுற்றுத் திரும்ப மட்டும் இடம் கொடுத்தால் அடக்கிக்கொண்டு நம்மைக் கூப்பிடும். தாராளமாக விட்டால் ஒரு மூலையில் படுத்துக்கொண்டு எதிர் மூலையில் போய்விடும். தடுப்பு கொடுப்பது அதற்குத்தான். குட்டி வளர வளர நகர்த்திக்கொண்டே போகலாம். ஒரு எச்சரிக்கை: கடைக் கூண்டில் வாரக்கணக்கில் அடைபட்டு, படுத்த இடத்திலேயே போய்ப் பழகிய குட்டிக்கு இந்த வித்தை லேசில் எடுபடாது. அதற்கு வேறு வழி, வேறு பொறுமை.

எவ்வளவு நேரம் அடக்கும்? மாதக் கணக்கோடு ஒன்றைக் கூட்டிக்கொள்ளச் சொல்வார்கள். ரெண்டு மாதக் குட்டி என்றால் மிஞ்சிப்போனால் மூன்று மணி நேரம். அதுவும் தூங்கும்போதுதான். விழித்து ஓடிக்கொண்டிருக்கும்போது அரை மணி நேரமே பெரிய விஷயம். தூங்கி எழுந்ததும், சாப்பிட்ட கொஞ்ச நேரத்திலும், விளையாடி முடித்ததும் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதுதான்.

எங்கே ஓடுவது? வெளிநாட்டு வீடியோக்களில் பின்கதவைத் திறந்தால் புல்வெளி. எங்களுக்குக் கதவைத் திறந்தால் லிஃப்ட். கீழே தெரு, தெருவில் குட்டிகளின் உயிரையே எடுக்கும் பார்வோ நோய். அந்த வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். தடுப்பூசி எல்லாம் முடிந்து டாக்டர் சொல்லும்வரை குட்டியின் கால் தெருவில் படக்கூடாது. அது முடியும்போது குட்டிக்கு நாலு மாதம் ஆகிவிடும், அதற்குள் பழக வேண்டியதை எல்லாம் குட்டி பழகி முடித்திருக்கும். ஆகவே மொட்டை மாடி. ஒரு மூலையில் மணல் கொட்டி அதுதான் ஜிம்மியின் இடம் என்று வைத்தோம். வடாம் காயப்போடுகிறவர்களோடு நடந்த பஞ்சாயத்து தனிக்கதை, அதை விடுங்கள். "உச்சா போ" என்று அம்மா சொல்வாள், போவான், போய் முடித்த அந்த நொடியே கையில் பிஸ்கட் துண்டு. கீழே வந்து கொடுத்தால் படி இறங்கியதற்குப் பரிசு என்று எடுத்துக்கொள்வான்.

தரையில் போய்விட்டால் மூக்கைப் பிடித்து அதில் தேய்க்கச் சொல்லும் பெரியவர்கள் எல்லாக் குடும்பத்திலும் இருக்கிறார்கள். அதனால் குட்டி கற்றுக்கொள்வது ஒன்றுதான்: மனிதர் பார்க்கும்போது போகக்கூடாது. அப்புறம் மொட்டை மாடியில் நம் முன்னால் போகாது, சோபாவுக்குப் பின்னால் போகும்.

அம்மா ஆரம்பத்தில் கூண்டுக்குப் பரம எதிரி. "ஒரு உசுர அடைச்சு வைக்கிறது பாவம்டி" என்று தினம் ஒரு தரமாவது சொல்லாமல் இருக்க மாட்டாள். சுவீடனிலும் பின்லாந்திலும் வீட்டுக்குள் நாயைக் கூண்டில் பூட்டி வைப்பதைச் சட்டமே அனுமதிப்பதில்லை. பயணம் மாதிரி சில தேவைக்குத்தான் விலக்கு. இது மட்டும் அம்மாவுக்குத் தெரிந்திருந்தால் என் கதி அதோகதிதான். அவள் பக்கமும் நியாயம் இருக்கிறது. காலையில் பூட்டிவிட்டுச் சாயங்காலம் வந்து திறக்கலாம் என்று நினைப்பவர்கள் கூண்டு வாங்க வேண்டாம், நாயும் வாங்க வேண்டாம். நாங்கள் முதலில் கதவைக் கழற்றியே வைத்திருந்தோம். சாப்பாடு உள்ளே, பொம்மை உள்ளே. தாளிக்காத தயிர் சாதத்தை ரப்பர் பொம்மைக்குள் அடைத்து ஃப்ரீசரில் வைத்துக் கொடுத்தால் நக்கிக்கொண்டே கிடப்பான். கதவு மூடியதையே கவனிக்கவில்லை. கொஞ்ச நாளில் அம்மாவே "ஜிம்மி, வீட்டுக்குப் போ" என்று சொல்லி அனுப்ப ஆரம்பித்தாள். அந்த வார்த்தைக்கு இன்றுவரை ஓடுகிறான்.

சரி, இப்போது தட்டு.

அந்தத் தட்டின் விளிம்பு சுண்டுவிரல் நகத்தின் உயரம்கூட இல்லை. தகரம் வேறு மெலிசு, அடிக்கம்பிமேல் உட்காரும்போது நடுவில் லேசாக உப்பி நிற்கும். குட்டி அடக்கும், ஆனாலும் குட்டிதானே, சில ராத்திரி தவறும். தவறியது நடுவில் நிற்காது. நாலு பக்கமும் ஓடும், விளிம்பைத் தாண்டும், கம்பி வழியாக இறங்கி டைல்ஸில் போய் நிற்கும். நாம் மேலே துணியால் துடைத்துவிட்டு, விரிப்பை மாற்றிவிட்டு, சுத்தம் என்று போய்ப் படுத்துக்கொள்வோம். அடியில் குளம்.

இதில் வெறும் நாற்றம் என்றால் பொறுத்துக்கொள்ளலாம். முன்பு போன இடத்தை நாய் மோப்பத்தில்தான் கண்டுபிடிக்கிறது. மூத்திரத்தில் இருக்கும் யூரிக் அமில உப்பு தண்ணீரில் சரியாகக் கரையாது. காய்ந்த பிறகு நம் மூக்குக்கு ஒன்றும் தெரியாது, மழைக்காலத்து ஈரப்பதம் பட்டால் திரும்ப எழும். படுக்கைக்கு அடியிலேயே இது இருந்தால் குட்டி என்ன நினைக்கும்? இங்கே போகலாம் என்று நினைக்கும். படுத்த இடத்தில் போகக்கூடாது என்று கற்றுக்கொடுக்கத்தான் காசு கொடுத்து வாங்கினோம். அந்தக் கூண்டே, "பரவாயில்லை, போ" என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தது. இதை வடிவமைத்தவர் வீட்டில் நாய் இல்லை என்பதை எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் சத்தியம் செய்வேன்.

தட்டை வெளியே எடுக்கும் அழகைச் சொல்ல வேண்டும். முன்பக்கம் ஒரு சின்னக் கொக்கி, அதைத் தூக்கிவிட்டு இழுக்க வேண்டும். பாதி வந்ததும் வலது மூலை கம்பியில் சிக்கும். ஆட்டினால்தான் வரும். ஆட்டினால் உள்ளே இருப்பது அலையடிக்கும். ராத்திரி மூன்று மணிக்கு, ஒரு கையில் துள்ளுகிற குட்டியோடு, நைட்டியில் தெறிக்காமல் இதைச் செய்து காட்டுபவருக்கு என் கூண்டை இலவசமாகவே கொடுத்துவிடுகிறேன்.

அப்புறம் சத்தம். நாய் ஒரு தரம் புரண்டு படுத்தால் தகரம் உள்வாங்கி வெளிவாங்கி டொய்ங் என்று ஒலிக்கும். "ராத்திரில தண்ணி கேனை உருட்டுறீங்களா மேடம்?" என்று கீழ் வீட்டுக்காரர் மரியாதையாகத்தான் கேட்டார். சத்தத்துக்காக மெத்தை போட்டோம், ஜிம்மி அதைப் பிய்த்துப் பஞ்சை விழுங்கப் பார்த்தான். குட்டி வயிற்றில் பஞ்சு போனால் ஆபரேஷனில் போய் நிற்கும் என்று அதை எடுத்துவிட்டோம். பழைய பருத்திப் புடவையை நாலாக மடித்துப் போட்டோம். வெயில் காலத்தில் அதையும் காலால் பறித்து ஒதுக்கிவிட்டு வெறும் தகரத்தில் படுக்கிறான். டொய்ங்.

முதல் வருஷம் முடிவதற்குள் விளிம்பு மடிப்பில் துரு. பெயின்ட் செதிலாக உரிந்தது, அதை நக்கப் போனான். பினாயிலை நம்ப வேண்டாம். நம் மூக்குக்குத்தான் அது சுத்தம், அதிலும் கறுப்பு பினாயிலில் இருக்கும் பீனால் வகை ரசாயனம் நாய்க்கு ஆகாது. அமோனியா கலந்த கிளீனர் இன்னும் மோசம், அதன் வாடையே மூத்திர வாடைக்கு நெருக்கம். என்சைம் கலந்த திரவம் பெட் ஷாப்பில் கிடைக்கிறது. ஊற்றியதும் துடைக்காமல் கொஞ்ச நேரம் ஊறவிட வேண்டும். விலைதான் கடிக்கும்.

கடைசியில் எங்களைக் காப்பாற்றியது ஒரு ஃப்ளெக்ஸ் பேனர். சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்துக்கு வைத்தது, விழா முடிந்து பரணில் சுருட்டிக் கிடந்தது. கூண்டை விடக் கொஞ்சம் பெரிதாக வெட்டி, நாலு ஓரத்தையும் மேலே மடித்து, மூலையில் கிளிப் போட்டு அடியில் விரித்தோம். ஒரு சொட்டு டைல்ஸுக்குப் போகவில்லை. அச்சடித்த பக்கத்தைக் கீழே கவிழ்த்துத்தான் போட வேண்டும் என்று அம்மா பிடிவாதம். "மாமா மூஞ்சிமேல நாய் மூத்திரம் விழலாமா?" கம்பெனிக்காரன் யோசிக்காததைக் காதுகுத்து பேனர் செய்து கொடுத்தது.

பட்டறைக் கதைக்கு வருகிறேன். முன்கதவின் கீழ்க் கொக்கி வெல்டு விட்டுப்போய், கம்பி முனை உள்பக்கம் நீட்டிக்கொண்டிருந்தது. கண்ணைக் குத்திவிடும் என்று எடுத்துப்போனேன். பட்டறைக்காரர் கம்பியை ரெண்டு விரலால் வளைத்துப் பார்த்து, "இது கம்பி இல்லக்கா, ஊசி" என்றார். மேல்பூச்சோடு பற்றவைத்தால் புகை நெஞ்சுக்கு ஆகாது என்று முதலில் அரத்தால் தேய்த்துவிட்டுத்தான் வைத்தார். தட்டையும் காட்டினேன். எவர்சில்வர் தகட்டில் ரெண்டு அங்குல விளிம்போடு செய்து தருகிறேன் என்று ஒரு தொகை சொன்னார். கூண்டு வாங்கின விலையில் பாதிக்கு மேல் வந்தது. வேண்டாம் என்று வந்துவிட்டேன். மாமா படம் போட்ட பேனர் இருக்கிறது.

இவ்வளவு திட்டினாலும் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. ஜிம்மி வளர்ந்து, வீட்டுக்குள் போவது என்பதே மறந்துபோன பிறகு, கூண்டை மடித்துப் பரணில் போட நினைத்திருந்தோம். தீபாவளி வந்தது. எங்கள் தெருவில் சரவெடி ஓய நள்ளிரவு ஆகும். முந்தைய ஜிம்மிகள் எல்லாம் கட்டிலுக்கடியில் நடுங்கி, எச்சில் ஒழுக, சாப்பிடாமல் கிடந்தவர்கள். இவன் முதல் வெடிக்கே நேராகக் கூண்டுக்குள் போனான். மூன்று பக்கம் போர்வை போட்டோம், கதவைத் திறந்தே விட்டோம். உள்ளேயே தண்ணீர் குடித்தான், கொஞ்சம் சாதமும் சாப்பிட்டான். கருத்தடை ஆபரேஷனுக்குப் பிறகு குதிக்க விடாதீர்கள் என்று டாக்டர் சொன்னபோதும் அப்படித்தான். பழகாத நாயை அந்த நேரத்தில் அடைத்தால் தையலைப் பிரித்துவிடும். இவன் பாட்டுக்குப் படுத்திருந்தான். நான் வாங்கும்போது இந்த ரெண்டையும் யோசித்துக்கூடப் பார்க்கவில்லை.

மற்றதெல்லாம் சில்லறை. உள்ளே விடும்போது கழுத்துப் பட்டையைக் கழற்றுங்கள், கம்பியில் மாட்டும். சித்திரை வெயிலில் நாலு பக்கமும் போர்வை போட்டு மூடச் சொல்லும் வெளிநாட்டு யோசனையைக் கேட்காதீர்கள், ஃபேன் காற்று உள்ளே வரவேண்டும். ராத்திரி சிணுங்கினால் பேசாமல் தூக்கிப் போய் உச்சா விட்டுவிட்டு, கொஞ்சாமல் திரும்ப விட்டுவிடுங்கள். கொஞ்சினால் நாளை விளையாடுவதற்காகக் கூப்பிடுவான்.

அஞ்சுக்கு ரெண்டு மார்க் போடுகிறேன். பயிற்சிக்கு மட்டும் கேட்டால் நாலரை, ஆனால் நான் மார்க் போடுவது பொருளுக்கு. தம்பிக்கு என் பதில் மாறவில்லை: தகரத் தட்டு உள்ள கூண்டு என்றால் வாங்காதே. பிளாஸ்டிக் தட்டோடும் வருகிறது. கடையில் தட்டை முழுக்க வெளியே இழுத்துப் பார், மூலை சிக்குகிறதா என்று பார், விளிம்பு ஒரு அங்குலமாவது இருக்கிறதா என்று பார். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும். "அப்ப உங்களோடத எனக்குக் குடுத்துருங்கக்கா, நான் சமாளிச்சுக்கறேன்" என்கிறான். அது முடியாது தம்பி, இப்போதுதான் வெல்டு வைத்திருக்கிறேன்.