தக்கலை ஸ்டூடியோவில் நாஸ் பெட்டி: சில மழைக்காலம் ஓட்டிய பிறகு

கல்யாண போட்டோ, வீடியோ எடுக்கிற ஸ்டூடியோ எங்களுடையது. எடிட்டிங் கம்ப்யூட்டர்கள் எல்லாவற்றுக்கும் பொதுவாக, நாலு டிஸ்க் போடுகிற நாஸ் பெட்டி (நெட்வொர்க் வழியாக எல்லோரும் ஃபைல் வைத்து எடுக்கிற சேமிப்புப் பெட்டி) ஒன்று சில வருஷமாக ஓடுகிறது. பெட்டி நல்லதுதான். ஆனால் விற்கிறவர் விளக்காத சில வார்த்தைகள் புரியாவிட்டால் அது விலை கூடிய பென்டிரைவ், அவ்வளவுதான்.

முதலில் இடம். 4 டிபி டிஸ்க் நாலு போட்டால் 16 டிபி கிடைக்காது. டிஸ்க் செத்தாலும் டேட்டா தப்பும்படி பல டிஸ்க்கைச் சேர்த்து வைக்கிற முறைதான் இங்கே ரெய்டு. ரெய்டு 5 வைத்தால் ஒரு டிஸ்க் அளவு இடத்தைப் பாரிட்டி, அதாவது போன டிஸ்க்கின் டேட்டாவைத் திரும்பக் கணக்கிட உதவும் தகவல், எடுத்துக்கொள்ளும், மீதி 12, அதையும் விண்டோஸ் சுமார் 10.9 என்றுதான் காட்டும், ஏனென்றால் டிஸ்க் கம்பெனிக்காரன் ஆயிரத்தால் பெருக்குகிறான், விண்டோஸ் 1024-ஆல் வகுக்கிறது. இதற்குக் கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். ரெய்டு 6 என்றால் பாரிட்டிக்கு இரண்டு டிஸ்க் அளவு போகும், ஆனால் இரண்டு டிஸ்க் செத்தாலும் டேட்டா நிற்கும்.

எங்களுக்கு ஒரு ஐப்பசி மழையில் ஒரு டிஸ்க் போனது. பெட்டி கத்தியது, பழையதை உருவிப் புதியதைச் செருகினோம், அது தானாக ரீபில்டு ஆனது, அதாவது மற்ற டிஸ்க்குகளை வைத்துப் போன டேட்டாவைப் புதியதில் திரும்ப எழுதிக்கொண்டது. வேகம் குறைந்ததே தவிர வேலை நிற்கவில்லை. ஆனால் ரெய்டு 5-இல் ரீபில்டு முடியும் முன் இன்னொரு டிஸ்க் படுத்தால் கதை முடிந்தது, அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் சரியாக வரவில்லை.

இங்கே நிறையப் பேர் "ரெய்டு இருக்கே, பேக்கப் எதுக்கு" என்கிறார்கள். ரெய்டு டிஸ்க் சாவுக்கு மட்டும்தான். ஒரு ஃபைலை அழித்தால் எல்லா டிஸ்க்கிலும் அதே நொடியில் அழியும். எடிட்டிங் பையன் ஒரு நாள் "அண்ணா, மார்த்தாண்டம் கல்யாண ஃபோல்டர காணல" என்று வந்து நின்றபோது காப்பாற்றியது ஸ்னாப்ஷாட். குறிப்பிட்ட நேரத்தில் ஃபைல்கள் எப்படி இருந்தனவோ அந்த நிலையைப் பெட்டி பிடித்து வைத்துக்கொள்கிறது, அதற்குப் பின் மாறியதற்கு மட்டுமே கூடுதல் இடம் செலவாகும். ஆனால் பெரிய வீடியோக்களை அழித்துவிட்டு "இடம் ஏன் திரும்ப வரல" என்று முழிக்கக் கூடாது, பழைய ஸ்னாப்ஷாட் அதைப் பிடித்துக்கொண்டிருக்கும். ஸ்னாப்ஷாட்டும் அதே பெட்டிக்குள்தான் என்பதால், வாராவாரம் ஒரு யுஎஸ்பி டிஸ்க்கில் நகல் எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோகிறேன்.

ஷேர், லன் இரண்டையும் குழப்ப வேண்டாம். எஸ்எம்பி (விண்டோஸ் நெட்வொர்க்கில் ஃபைல் பகிரும் முறை) ஷேர் என்றால் ஃபைல்களை நாஸ் நிர்வகிக்கும், எல்லோரும் ஒரே ஃபோல்டரைத் திறக்கலாம். ஐஸ்கசியில் (நெட்வொர்க் வழியாக டிஸ்க்கையே கொடுக்கும் முறை) லன், அதாவது தனி டிஸ்க் போலத் தெரியும் ஒரு பகுதி இடம், கொடுத்தால் கம்ப்யூட்டர் அதைத் தன் சொந்த டிஸ்க்காகவே நினைத்து ஃபார்மட் செய்யும், ஆகவே சாதாரண விண்டோஸ் கம்ப்யூட்டர் இரண்டில் ஒரே லன்னை இணைத்தால் டேட்டா கெட்டுப்போகும். ஸ்டூடியோவுக்கு ஷேர் போதும்.

வேகம்? கிகாபிட் நெட்வொர்க் லைனில் நொடிக்கு 110 எம்பி பக்கம்தான் வரும், அதற்குமேல் எந்த டிஸ்க் போட்டும் பிரயோஜனம் இல்லை. 4கே எடிட்டிங் அதிகம் என்றால் 2.5 கிகாபிட் போர்ட் உள்ள பெட்டியும் அதற்கேற்ற ஸ்விட்ச்சும் பாருங்கள்.

அப்புறம் கரண்ட். 2017 நவம்பர் 30-இல் ஒக்கி புயல் அடித்து நாள்கணக்கில் இருட்டில் கிடந்த கன்னியாகுமரி மாவட்டம் இது, யுபிஎஸ் இல்லாமல் நாஸ் வாங்கவே வாங்காதீர்கள். யுபிஎஸ்ஸின் யுஎஸ்பி வயரை நாஸில் செருகி, பேட்டரி குறைந்தால் தானாக அணையும்படி செட்டிங் வையுங்கள். அந்த வயரைப் பலரும் அட்டைப்பெட்டியிலேயே விட்டுவிடுகிறார்கள்.

டிஸ்க் வாங்கும்போது சிஎம்ஆர் (எழுதும் தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாத) வகைதானா என்று மாடல் நம்பரை வைத்துப் பாருங்கள். தடங்கள் ஓடு வேய்ந்ததுபோல் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் எஸ்எம்ஆர் டிஸ்க்கில் தொடர்ந்து எழுதினால் வேகம் விழும், ரீபில்டு இழுத்துக்கொண்டே போகும். நாஸுக்கென்று விற்ற சில டிஸ்க்குகளே எஸ்எம்ஆர் என்று தெரிந்து 2020-இல் பெரிய சர்ச்சை ஆனது, எனவே மேலே ஒட்டிய ஸ்டிக்கரை நம்பாமல் கம்பெனி வெளியிட்ட ஸ்பெக் ஷீட்டைப் பார்த்தே பணத்தைக் கொடுங்கள்.