மெஷின் கொதிக்கிறது: தெர்மோஸ்டாட்டா, கான்டாக்டரா?

தென்னாப்பிரிக்காவில், டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த்தில் கல்யாணச் சமையல் எடுக்கிறோம். போன மாதம் பாத்திரம் கழுவும் மெஷினைத் திறந்ததும் ஆவி முகத்தில் அடித்தது. கழுவும் தொட்டி 60 டிகிரியை ஒட்டி இருக்க வேண்டும். முள் 80ஐத் தாண்டி நின்றது. (கடைசி அலசலுக்குத்தான் 82க்கு மேல் சூடு தேவை.)

சந்தேகம் இரண்டின் மேல்: சூடு போதுமானதும் ‘டக்’கென்று வெட்டிக் காட்டும் தெர்மோஸ்டாட், அதன்படி ஹீட்டருக்கு மின்சாரத்தைச் சேர்த்து வெட்டும் சுவிட்சான கான்டாக்டர். தெர்மோஸ்டாட் கெட்டிருந்தால், திருகை எவ்வளவு குறைத்தாலும் ‘டக்’ சத்தம் வராது. உடனே புதிது வாங்கிவிடாதீர்கள். அதன் உணர்முனையில் சுண்ணாம்பு அப்பியிருந்தாலும் சூடு தாமதமாகத்தான் தெரியும். வினிகரில் நனைத்த துணியால் துடைத்தாலே சில சமயம் சரியாகிவிடும். செலவே இல்லை.

கான்டாக்டர் வேறு ரகம். தெர்மோஸ்டாட் ‘டக்’கென்று விடும், ஹீட்டர் மட்டும் அணையாது. உள்ளே தொடுமுனைகள் உருகி ஒட்டியிருக்கும். மெயினை அணைத்துவிட்டுக் கழற்றினோம்: ஒரு முனை கரிக்கட்டை மாதிரி. உப்புத்தாளால் தேய்த்து மாட்டலாம் என்றான் தம்பி. வேண்டாமப்பா, மறுபடி ஒட்டும், மாற்றிவிடு என்றேன்.

எதுவானாலும், அதிகச் சூட்டில் தானாக வெட்டும் பாதுகாப்பு சுவிட்சை மட்டும் ஒயர் போட்டுத் தாண்டிவிடாதீர்கள். தண்ணீர் வற்றினால் ஹீட்டரே எரிந்துபோகும்.