ஐஎன்எஸ் ராஜ்புத், ஐஎன்எஸ் மும்பை: இரு நாசகாரிக் கப்பல்களின் பணி வரலாறு

சோவியத் ஒன்றியத்தில் கட்டப்பட்டு 1980 மே 4 அன்று இந்தியக் கடற்படையில் சேர்ந்த ராஜ்புத்தையும், மும்பை மசகான் கப்பல் கட்டும் தளத்தில் உருவாகி 2001 ஜனவரி 22 அன்று பணியைத் தொடங்கிய மும்பையையும் ஒப்பிடும்போது, வயதைவிட அவை ஆற்றிய பணிகளின் தன்மையே முதலில் கவனத்திற்கு வருகிறது.

ராஜ்புத் அதிகமும் போர்க்களப் பின்புலத்தில் இயங்கிய கப்பல்: இலங்கையில் இந்திய அமைதி காக்கும் படைக்குத் துணையாகக் கடற்காவல் புரிந்தது, 1988இல் மாலத்தீவு ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சியை முறியடித்த நடவடிக்கையிலும் பங்கேற்றது. அக்கப்பலின் உண்மையான பெருமை அதன் பிற்காலத்தில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. பழைய ஏவுகணைகளோடு வந்த அக்கப்பலே பிரம்மோஸ் ஏவுகணையைக் கடலிலிருந்து செலுத்திப் பார்க்கும் சோதனைக் களமாக மாறியது. 41 ஆண்டுப் பணிக்குப் பின், 2021 மே 21 அன்று விசாகப்பட்டினத்தில் அது விடைபெற்றது.

மும்பையின் பெயரோ மீட்புப் பணிகளால் நிலைத்தது. 2006இல் லெபனான் போரின்போதும் 2015இல் ஏமன் போரின்போதும், இந்தியரோடு பிற நாட்டினரையும் அது பாதுகாப்பாக வெளியேற்றியது. பீரங்கி சுமக்கும் தளத்தில் குழந்தைகளும் முதியோரும் ஏறி நின்ற அப்பயணங்களை, எந்த ஏவுகணைச் சோதனைக்கும் குறைந்தவையாக என்னால் கருத இயலவில்லை. பணிக்காலத்தின் நடுவே செய்யப்பட்ட மேம்பாட்டிற்குப் பின், 2023 டிசம்பரில் அது விசாகப்பட்டினத்தில் இந்தியக் கடற்படையின் கிழக்குக் கட்டளைப் பிரிவோடு இணைந்தது.