கோவையில் லேசிக் செய்துகொண்டேன்

எனக்கு மைனஸ் 5.5 பவர். கோவையில் நான் லேசிக் (லேசரால் கருவிழியைச் செதுக்கிப் பவரைச் சரிசெய்யும் சிகிச்சை) செய்துகொண்ட மருத்துவமனையில் மிகவும் பிடித்தது, அவசரப்படுத்தாததுதான். கருவிழியின் தடிமன், வளைவு, கண்ணீர்ச் சுரப்பு எல்லாம் அளந்து, சொட்டு மருந்து விட்டுக் கண்மணியை விரித்து விழித்திரையையும் பார்த்த பிறகே தேதி கொடுத்தார்கள். கூட வந்த சித்தி மகளிடம், "உங்களுக்குக் கருவிழி மெலிசு, லேசிக் வேண்டாம்மா" என்று நேராகச் சொல்லிவிட்டார்கள். வருகிற பணத்தை வேண்டாம் என்ற அந்த நேர்மைக்கே ஒரு கும்பிடு.

ஊசி கிடையாது, மரத்துப்போகச் சொட்டு மருந்துதான். வளையம் ஒன்று கண்ணை அழுத்திப் பிடிக்கும்போது பார்வை இருண்டுவிடும். அந்த நேரம் பயமாகத்தான் இருந்தது. அப்புறம் விளக்கையே பார்க்கச் சொன்னார்கள். முடி கருகுவது போல வாடை வந்தது. லேசர் கருவிழித் திசுவைச் செதுக்கும்போது வருவது அது. மறுநாள் காலை பஸ் போர்டைக் கண்ணாடி இல்லாமல் படித்தேன்!

ஒரு குறை உண்டு. கண் உலர்ச்சியைப் பற்றி ஒற்றை வரியில் முடித்துவிட்டார்கள். ஏசி அறையில் கம்ப்யூட்டர் பார்க்கும் எனக்கு மாதக்கணக்கில் செயற்கைக் கண்ணீர் தேவைப்பட்டது. இரவில் எதிரே வரும் லாரி விளக்கைச் சுற்றி வளையமும் தெரிந்தது, போகப்போகக் குறைந்தது. நாற்பதுக்கு மேல் படிக்கக் கண்ணாடி வேண்டியிருக்கும் என்பதையும் நானே கேட்ட பிறகுதான் சொன்னார்கள். போகிறவர்கள் இவற்றை முதலிலேயே கேளுங்கள்.