நிறுவிய மென்பொருள்களின் பதிவேடு: பத்தாண்டுப் பழக்கத்தில் கற்றவை

அலுவலகக் கணினிகளில் மென்பொருள்களை நிறுவுவதும் நீக்குவதும் பத்தாண்டுகளுக்கும் மேலாக என் அன்றாட வேலை. இதில் நான் பெரிதும் நம்பியிருப்பது, 1999-இல் ஆஃபீஸ் 2000 தொகுப்போடு அறிமுகமான, மென்பொருள்களை நிறுவவும் நீக்கவும் உதவும் விண்டோஸ் இன்ஸ்டாலரை. எம்எஸ்ஐ என்ற நிறுவல் கோப்பை இருமுறை சொடுக்கினால் வேலை முடிந்துவிடும் என்பதைவிட, எதை எங்கே வைத்தோம் என்று அது எழுதிவைக்கும் முறைதான் அதன் உண்மையான பலம் என்பது என் கருத்து.

கண்ட்ரோல் பேனலில் தெரியும் பட்டியலைத்தான் தொடக்கத்தில் நானும் பதிவேடு என்று நினைத்திருந்தேன். விண்டோஸ் தன் அமைப்பு விவரங்களைச் சேமிக்கும் தரவுத்தளமான ரெஜிஸ்ட்ரியில் அன்இன்ஸ்டால் என்ற கிளையின்கீழ் ஒவ்வொரு மென்பொருளும் எழுதிவைக்கும் பெயர், பதிப்பு எண், நீக்குவதற்கான கட்டளை போன்ற சில வரிகளைத்தான் அந்தப் பட்டியல் எடுத்துக் காட்டுகிறது. 64 பிட் கணினியில் 32 பிட் மென்பொருள்களுக்கு வேறொரு கிளை உண்டு. ஒரு பயனருக்கு மட்டும் நிறுவியவை அவருடைய பகுதியில் இருக்கும். ஆகவே ஓர் இடத்தை மட்டும் பார்த்து, "இந்த மென்பொருள் இல்லை" என்று சொல்லிவிட முடியாது.

விண்டோஸ் இன்ஸ்டாலருக்குப் பெயர் ஒரு பொருட்டே இல்லை. ஒவ்வொரு மென்பொருளுக்கும் 32 பதினறும இலக்கங்கள் (0 முதல் 9 வரை, A முதல் F வரை) கொண்ட ஒரு புராடக்ட் கோடு இருக்கிறது. ஒரே மென்பொருளின் அடுத்தடுத்த பதிப்புகளை ஒரு குடும்பமாகப் பிணைப்பது அப்கிரேட் கோடு. அதற்கும் கீழே, ஒவ்வோர் உட்கூறுக்கும் (மென்பொருளின் கோப்புகள் முதலியவை அடங்கிய சிறு பகுதிக்கும்) தனி எண் கொடுத்து, எந்தெந்த மென்பொருள்கள் அந்த உட்கூறைப் பயன்படுத்துகின்றன என்பதையும் எழுதிவைக்கிறது. இரண்டு மென்பொருள்கள் ஒரே உட்கூறைப் பகிர்ந்துகொள்ளும்போது, ஒன்றை நீக்கினாலும் மற்றொன்று பழுதாகாமல் இருப்பது இந்தக் கணக்கால்தான். இந்த எண்களை ரெஜிஸ்ட்ரியில் தேடுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அங்கே இலக்கங்கள் இடம் மாறி எழுதப்பட்டிருக்கும். 90140000 என்று தொடங்கும் எண் அங்கே 00004109 என்று தொடங்கும். இது தெரியாமல் ஒரு நாள் முழுவதும் தேடியிருக்கிறேன்.

நான் செய்த பெரிய தவறு வட்டில் இடம் குறைந்தபோது நேர்ந்தது. விண்டோஸ் கோப்புறைக்குள் இன்ஸ்டாலர் என்று ஒரு மறைந்த கோப்புறை உண்டு. நிறுவிய ஒவ்வொரு எம்எஸ்ஐ கோப்பின் நகலும், பின்னர் வந்த திருத்தக் கோப்புகளும், பொருளற்ற எழுத்துகளும் எண்களும் கலந்த பெயர்களில் அங்கே இருக்கும். தற்காலிகக் கோப்புகள் என்று எண்ணி, பழைய தேதி கொண்டவற்றை அழித்துவிட்டேன். அன்று எதுவும் ஆகவில்லை. சில மாதங்கள் கழித்து ஒரு கணக்கியல் மென்பொருளைப் புதுப்பிக்க முயன்றபோது, பழைய பதிப்பை நீக்குவதற்கான மூலக் கோப்பு கிடைக்கவில்லை என்று 1612 பிழை வந்தது. நீக்குவதற்கான வழிமுறைகள் எல்லாம் அந்த நகலுக்குள் இருப்பதால், அது இல்லாமல் நீக்கவும் முடியாது, புதிய பதிப்புக்கு மாறவும் முடியாது. அதே பதிப்பின் எம்எஸ்ஐ கோப்பு பழைய காப்புப் பிரதியில் இருந்தது என் நல்லூழ். அதிலிருந்து நகலை மறுபடி எழுதிக்கொள்ளும்படி பழுதுபார்ப்புக் கட்டளை கொடுத்த பிறகுதான் புதுப்பிப்பு நடந்தது. இப்போது அந்தக் கோப்புறையைத் திறந்தாலும் சப்ஜெக்ட் என்ற பத்தியைக் காட்டச் சொல்லி, எந்தக் கோப்பு எந்த மென்பொருளுக்கு உரியது என்று பார்ப்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

பட்டியலில் ஒரே மென்பொருள் இருமுறை தெரிவது பலருக்கும் நேர்ந்திருக்கும். பதிப்புகளை ஒப்பிடும்போது விண்டோஸ் இன்ஸ்டாலர் முதல் மூன்று பகுதிகளை மட்டுமே பார்க்கிறது, 4.2.1.0, 4.2.1.5 இரண்டும் அதற்கு ஒன்றே. நான்காம் பகுதியை மட்டும் உயர்த்தி, புராடக்ட் கோடை மாற்றி வெளியிட்டால், படைத்தவர் தனியே வழிசெய்திருந்தாலொழிய பழையது நீங்காது. புராடக்ட் கோடை மாற்றாமல் வெளியிட்டாலோ, வேறொரு பதிப்பு ஏற்கெனவே இருப்பதாகச் சொல்லி 1638 பிழையோடு நிறுவல் நின்றுவிடும்.

பட்டியல் எடுப்பதற்கு வின்32 புராடக்ட் என்ற வினவலைப் பரிந்துரைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தயவுசெய்து அதைத் தவிர்த்துவிடுங்கள். கேட்ட மாத்திரத்தில் அது ஒவ்வொரு மென்பொருளையும் சரிபார்க்கத் தொடங்கி, தேவையென்று கண்டால் பழுதுபார்க்கவும் செய்கிறது. நிகழ்வுப் பதிவில் 1035 என்ற எண்ணோடு வரிசையாக வரிகள் விழுவதை நானே கண்டிருக்கிறேன். அன்இன்ஸ்டால் கிளைகளை நேரே படிக்கும் சிறு ஸ்கிரிப்ட் இதைவிட விரைவானது, எதையும் தொடாது.

டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தில் ஓடும் சேவையகங்களையும் கவனித்துக்கொள்வதால் ஒப்பிடாமல் இருக்க முடியவில்லை. அங்கே பொதிகளை (மென்பொருள் தொகுப்புகளை) நிறுவி நீக்கும் டிபிகேஜி என்ற கருவி வைத்திருக்கும் ஸ்டேட்டஸ் கோப்பு, எவரும் திறந்து படிக்கக்கூடிய வெறும் உரை. ஒரு கோப்பு எந்தப் பொதிக்கு உரியது என்று ஒரே கட்டளையில் கேட்டுவிடலாம். பொதியை நீக்கிய பின்னும் அமைப்புக் கோப்புகள் எஞ்சியிருந்தால், பட்டியலில் ஆர்சி என்ற இரண்டு எழுத்துகள் அதை ஒளிக்காமல் சொல்லும். அந்த வெளிப்படைத்தன்மை விண்டோஸ் பக்கம் இல்லை என்பது எனக்கு நெடுநாளைய குறை.

ஆகவே, நிறுவும் ஒவ்வொரு எம்எஸ்ஐ கோப்பையும் பதிப்பு வாரியாகத் தனிக் கோப்புறையில் சேமித்து, அதனருகே புராடக்ட் கோடையும் ஓர் உரைக் கோப்பில் எழுதிவைக்கிறேன். அந்தக் கணக்கியல் மென்பொருளுக்கு மட்டும் இப்போது 7 பதிப்புகள் சேர்ந்திருக்கின்றன.