கனவு உரைக்கு அடுத்து எது: பர்மிங்காம் கடிதமா, ரிவர்சைடு உரையா?

'எனக்கொரு கனவு உண்டு' என்ற 1963 ஆகஸ்ட் மாதத்து உரையோடு, அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய மார்ட்டின் லூதர் கிங்கை மூடிவைத்துவிடுகிறோம். அதைத் தாண்டிப் போக நினைப்பவர்கள் அவருடைய பர்மிங்காம் கடிதம், ரிவர்சைடு உரை இரண்டில் எதைத் தொடுவது என்று தயங்குகிறார்கள்.

பிறந்த இடம்
கடிதம்: 1963 ஏப்ரல், அமெரிக்காவின் அலபாமா மாநிலத்துப் பர்மிங்காம் சிறை. நாளிதழின் ஓரங்களில் எழுதத் தொடங்கினார்.
உரை: 1967 ஏப்ரல் 4, நியூயார்க் ரிவர்சைடு தேவாலயம்.

யாருக்கு
கடிதம்: போராடாமல் பொறுத்திருக்கச் சொன்ன எட்டு வெள்ளை மதகுருமார்களுக்கு. வெளிப்படையான இனவெறியரைவிட, ஒதுங்கி நிற்கும் மிதவாதிகளே அவரை அதிகம் வருத்தினார்கள்.
உரை: சக அமெரிக்கர்களுக்கு, தன் சொந்த அரசைக் கண்டித்து. ஏழைகளுக்குப் போகவேண்டிய பணத்தை வியட்நாம் போர் விழுங்குகிறது என்றார்.

கொடுத்த விலை
கடிதம்: நாளாக நாளாகப் புகழே சேர்ந்தது.
உரை: பெரிய நாளிதழ்கள் கண்டித்தன. ஜனாதிபதி ஜான்சனோடு இருந்த உறவு முறிந்தது. உரிமைப் போராட்டத்தில் உடன் நின்றவர்களே சிலர் விலகினார்கள். சரியாக ஓராண்டு கழித்து, அதே ஏப்ரல் 4 அன்று, மெம்பிஸில் சுட்டுக் கொல்லப்பட்டார். அங்கே அவர் போனது துப்புரவுத் தொழிலாளர்களின் வேலைநிறுத்தத்துக்குத் துணைநிற்க! இதை எத்தனை பாடப்புத்தகங்கள் சொல்கின்றன?

எளிமை
கடிதம்: சாக்ரடீஸ், இடைக்காலக் கிறித்துவச் சிந்தனையாளர் அக்வினாஸ் எல்லாம் வருவார்கள்; நிறுத்திப் படிக்கவேண்டும்.
உரை: ஒலிப்பதிவே இருக்கிறது, ஒரு மணி நேரத்துக்குள்.

அநீதியான சட்டத்தை ஏன் மீறலாம் என்ற வாதம் வேண்டுமா, கடிதம். தனித்து நின்ற கடைசி ஆண்டின் கிங்கைப் பார்க்கவேண்டுமா, உரை. என்னைக் கேட்டால், முதலில் உரையைக் கேளுங்கள்.