சுரபுன்னைக் காட்டுக்குள் எந்த மாயப் பொருள் கைகொடுக்கும்?

பிச்சாவரம் கால்வாய்களையோ கடலூர் முதுநகர்த் துறைமுகத்தையோ களமாக வைத்து டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (பகடை உருட்டிக் கதாபாத்திரங்களாக நடிக்கும் மேசை ஆட்டம்) ஆடும் கடலூர், புதுச்சேரிக் குழுக்களுக்கான ஒப்பீடு இது. விதிகள் ஐந்தாம் பதிப்பின் 2014 புத்தகத்தில் உள்ளபடி. கேரக்டர்கள் ஐந்தாம் லெவலைத் தாண்டாதவர்கள் என்று வைத்துக்கொள்வோம்.

பிளேயர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது +1 வாள், அதாவது உருட்டலிலும் அடியிலும் ஒன்று கூட்டும் மாய வாள். இருபது முறை டி20 (இருபது முகப் பகடை) உருட்டினால் சராசரியாக ஒரு வெட்டு கூடுதலாக விழும். விழும் வெட்டு ஒவ்வொன்றிலும் ஒரு டேமேஜ் (காயப் புள்ளி) கூடும். சாதாரண இரும்புக்குப் பாதியே அடிபடும் பேய்கள் வந்தால் நிச்சயம் உதவும். படகு கவிழும்போது அதனால் ஒரு பயனும் இல்லை.

இம்மூவபிள் ராட், அதாவது அசையாக் கோல்தான் எங்கள் முதல் தேர்வு. ஒரு ஆக்‌ஷனில் (ஆறு வினாடிச் சுற்றில் ஒருவர் செய்யும் முக்கியச் செயல்) பட்டனை அமுக்கினால் அந்தரத்தில் அப்படியே நிற்கும். 8,000 பவுண்டு, அதாவது சுமார் 3,600 கிலோ தாங்கும். கயிறு கட்டினால் படகுக்கு நங்கூரம், கதவுக்குக் குறுக்கே வைத்தால் தாழ்ப்பாள். இரண்டு கிடைத்தால் மாற்றி மாற்றி அமுக்கி மதிலே ஏறிவிடலாம். நிலைத்த ராடை அசைக்க ஸ்ட்ரெங்த் செக் (டி20 உருட்டலோடு வலிமைக்கான கூட்டல் எண்) 30 தொட வேண்டும். +10 இல்லாதவர் 20 போட்டாலும் நடக்காது. சிக்கல் ஒன்று உண்டு: ஓடும் கப்பலின் தளத்தில் அமுக்கினால் ராட் கப்பலோடு போகுமா, கப்பலைப் பொத்துக்கொண்டு பின்னால் நிற்குமா? புத்தகம் சொல்லவில்லை. ஆட்டம் தொடங்கும் முன்பே டிஎம்மிடம் (ஆட்டத்தை நடத்துபவர்) கேட்டு முடிவு செய்துகொள்ளுங்கள்.

சுற்றிலும் உவர்நீர் இருக்கும் களத்தில் டெக்கான்டர் ஆஃப் எண்ட்லெஸ் வாட்டர் (வற்றாத நீர்க்குடுவை) பொக்கிஷம். நல்ல தண்ணீரும் தரும், உப்புத் தண்ணீரும் தரும். ‘கீசர்’ என்றால் ஒரு ஆக்‌ஷனுக்கு 30 கேலன், ஏறக்குறைய 113 லிட்டர். 12,000 லிட்டர் டேங்கர் லாரி பதினோரு நிமிடத்துக்குள் நிரம்பிவிடும்! போனஸ் ஆக்‌ஷனில் (அதே சுற்றில் செய்யும் கூடுதல் சிறு செயல்) 30 அடிக்குள் இருக்கும் எதிரி மேல் திருப்பலாம். ஸ்ட்ரெங்த் சேவ் (தப்பிக்க எதிரி உருட்டும் வலிமை உருட்டல்) 13 தவறினால் ஆள் குப்புற விழுவான். ஒல்லியான தோணியின் விளிம்பில் நிற்பவனுக்கு இதைவிட மோசமான அடி கிடையாது.

பேக் ஆஃப் ஹோல்டிங் என்ற மாயப் பை 500 பவுண்டு கொள்ளும், ஆனால் பையே 15 பவுண்டு கனக்கும். ஹேண்டி ஹேவர்சாக் என்ற மாய முதுகுப்பை 5 பவுண்டுதான், கொள்வது மொத்தம் 120. கேட்ட பொருள் எப்போதும் மேலேயே இருக்கும் என்பதால் ஆக்‌ஷன் இல்லாமல் எடுக்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள். தவறு, இரண்டுக்குமே ஒரு ஆக்‌ஷன் செலவாகும். பேக் கிழிந்தால் உள்ளே இருப்பதெல்லாம் ஆஸ்ட்ரல் பிளேனில் (ஆட்டத்தின் வேறோர் உலகம்) சிதறிவிடும். ஒன்றை மற்றொன்றுக்குள் போட்டால் இரண்டும் அழிந்து, பத்தடிக்குள் நிற்பவர்களையும் அங்கேயே இழுத்துக்கொள்ளும்.

சண்டைக்கென்று ஒன்று வேண்டுமானால் வாண்ட் ஆஃப் மேஜிக் மிசைல்ஸ், அதாவது மாய அம்பு எய்யும் கோல். அட்யூன்மென்ட் (பொருளோடு முன்கூட்டியே பிணைத்துக்கொள்வது) வேண்டாம், யாரும் பயன்படுத்தலாம், குறி தவறாது. ஏழு சார்ஜையும் (கோலில் இருக்கும் சக்தி அலகுகள்) ஒரே முறையில் கொட்டினால் ஒன்பது அம்பு, சராசரி 31.5 டேமேஜ். ஒவ்வொன்றாகச் செலவழித்தால் ஆறு சார்ஜிலேயே பதினெட்டு அம்பு, 63 டேமேஜ். ஏழாவதைத் தொடாதீர்கள்: கடைசி சார்ஜ் தீர்ந்ததும் டி20-இல் 1 விழுந்தால் கோல் பொடியாகிவிடும். மிச்சம் வைத்தால் விடியலில் 1டி6+1 (ஆறு முகப் பகடை ஒன்றோடு ஒன்று கூட்டி) சார்ஜ் திரும்ப ஏறும்.